ஷெல் அவுட்: மனசில்லாமல் எடுத்துக் கொடுத்த காசு

மாசி, பங்குனியில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். காய்ந்த பழத்தின் ஓட்டைத் தட்டி உதிர்த்து, நாரை இழுத்து, சதையைக் கீறிக் கொட்டையை எடுக்க வேண்டும். ‘ஷெல் அவுட்’ என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கும் இதுபோன்ற ஒரு கைவேலையில் பிறந்ததுதான். ‘ஷெல்’ என்றால் ஓடு. ஓட்டை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பை வெளியே எடுப்பது முதற்பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பணத்துக்கும் ஏறியது. இறுக மூடி வைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. அதனால் கொடுப்பவருக்கு மனசில்லை, தொகையும் அவர் நினைத்ததைவிடப் பெரிது என்ற இரண்டு குறிப்பும் இந்தச் சொல்லில் உண்டு.

தமிழில் எழுதும்போது பெரும்பாலும் ‘செலவழித்தார்’ என்று போட்டுவிடுகிறோம். அங்கேதான் பொருள் கழன்றுவிடுகிறது. செலவு என்பது ‘செல்’ என்ற வினையிலிருந்து வந்தது. பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். சங்கப் பாடல்களில் பொருள் தேடப் புறப்பட நினைத்த தலைவன் போகாமல் நிற்பதற்குச் ‘செலவழுங்கல்’ என்றே பெயர். காசு கையை விட்டுப் போனது என்பதை மட்டும்தான் செலவு சொல்லும். கொடுத்தவருக்கு வலித்ததா, இனித்ததா என்று சொல்லாது.

இன்னும் பெரிய தவறு, ஓடு என்றதும் ‘உரி’ என்று மொழிபெயர்ப்பது. தமிழில் ‘தோலை உரிச்சுட்டான்’ என்றால் காசு வாங்கியவன் உரித்தான். ‘ஷெல் அவுட்’ செய்பவர் காசு கொடுத்தவர். ஆளே மாறிவிடுகிறது.

சரியான சொல் நம் வாயில் தினமும் புழங்குகிறது: அழு. ‘மெக்கானிக்குக்கு மூவாயிரம் அழுதேன்.’ இதற்கு இரண்டு நிபந்தனை. வாங்கியவருக்கோ வாங்கிய பொருளுக்கோ ‘கு’ உருபு வர வேண்டும். தொகையையும் சொல்லியாக வேண்டும். ‘மெக்கானிக்கிட்ட அழுதேன்’ என்றால் அது கண்ணீர்தான். சொல்லும் இடமும் முக்கியம். ‘மாரியம்மன் பண்டிகைக்கு ஐந்நூறு அழுதேன்’ என்று ஊர்ப் பெரியவர் காதில் விழும்படி சொன்னால் மனசு நோகும். அங்கே ‘கொடுத்தேன்’ போதும். அச்சில் எழுதுவதானால் ‘வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தார்’ பொருந்தும். உருவகமும் வேண்டும் என்றால் முடிச்சு இருக்கிறது. போச்சம்பள்ளிச் சந்தையில் பேரம் படியாத அம்மா ‘முடிச்சை அவுக்க மனசே வரல’ என்பார். முந்தானை முனையில் காசை வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, இடுப்பில் செருகிய முடிச்சு அது. ஓட்டுக்குள் பருப்பு இருப்பதற்கு இதைவிட நெருங்கிய தமிழ்ப்படம் எனக்குத் தெரிந்து இல்லை.

‘காஃப் அப்’ இதற்கு அடுத்த வீட்டுச் சொல். நேர்ப்பொருள், இருமித் தொண்டையிலிருப்பதை வெளியே தள்ளுவது. அடுத்தவர் நெருக்கினதால் கொடுத்தது என்ற குறிப்பு இதில் கூடுதல். ‘கக்கு’ கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் முழுக்க அல்ல. ‘தின்னதைக் கக்க வெச்சாங்க’ என்றால் முறையில்லாமல் சேர்த்த பணம் என்றாகிவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பழி கிடையாது, நியாயமான வாடகை பாக்கிக்கும் அதைச் சொல்வார்கள். ஆகவே பாக்கி, அபராதம் என்றால் ‘கட்ட வெச்சாங்க’ என்பதே சரி. கக்கு மரியாதையான சொல்லும் அல்ல. மூத்தவர்களைப் பற்றிப் பேசும்போது வராது.

‘ஸ்ப்ளர்ஜ்’ நேர் எதிர்ப்பக்கம். இது ஆசைப்பட்டுச் செய்யும் செலவு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தபோது பகட்டாகக் காட்டிக்கொள்வது என்பதே பொருள். பணத்தோடு ஒட்டியது பிறகுதான். அந்தப் பழைய பகட்டு நம் ‘தாம்தூம்’ என்பதில் அப்படியே இருக்கிறது. காதுகுத்துக்குத் தாம்தூம்னு செலவு பண்ணினான் என்கிறோமே, அது. இதை ‘ஊதாரித்தனம்’ என்று எழுதக் கூடாது. ஊதாரி என்பது குணம். ஸ்ப்ளர்ஜ் ஒருநாள் காரியம். ஆண்டு முழுக்கச் சிக்கனமாக இருந்தவர் ஓசூரில் ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்குவதும் அதில் சேரும். ‘கணக்குப் பார்க்காமல் வாங்கினார்’ என்றால் அளவு சரியாக நிற்கும். ‘தண்ணியாச் செலவழிச்சான்’ அதைவிடக் கனமானது. குடிநீருக்கு ஒகேனக்கலை நம்பியிருக்கும் இந்த மாவட்டங்களில் அந்தச் சொல்லைக் கேட்கையில் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

பணத்தை ‘ப்ளோ’ செய்வது வீணாய்ப் போக்குவது. அதற்குத் தமிழில் ‘விடு’ போதும்: சீட்டாட்டத்துல பத்தாயிரம் விட்டான். பட்டாசு என்றால் கரியாக்கினான்.

‘ஃபுட் த பில்’ என்பதில் காலைத் தேட வேண்டாம். ‘ஃபுட்’ இங்கே ரசீதின் அடி, மொத்தத் தொகையைக் கூட்டி எழுதும் இடம். அடிக்குறிப்பு என்கிறோமே, அதே அடிதான். மொத்தத்தையும் தன் பொறுப்பாக ஏற்பது பொருள், பெரும்பாலும் மற்றவர்களுக்காக. ‘சாப்பாட்டுச் செலவைத் தாய்மாமன் ஏத்துக்கிட்டார்’ என்பது நேரான தமிழ். இங்கே ‘அழுதார்’ என்று போட்டால் மாமனுக்கு மனசில்லை என்றாகிவிடும். ஆங்கிலச் சொல்லில் அந்தக் கசப்பு கட்டாயமில்லை.