கல்வெர்ட் இருக்கே என்று சொல்லாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு இன்னொரு ஊரிலிருந்து அழைப்பு. புதிதாகப் போட்ட நான்குவழிச் சாலைக்கு மேற்கே, கதிர் வந்த நெல் முழங்கால் அளவு நீரில் நிற்கிறது. கிழக்கே, அதே ஊரின் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. "இந்த வருஷம் மழை அதிகம் சார்" என்கிறார் அங்கிருந்த பொறியாளர். மழை அதிகம் என்றால் ஏரி ஏன் நிரம்பவில்லை? இதற்கு மட்டும் எந்த ஊரிலும் எனக்குப் பதில் கிடைத்ததில்லை.

நெடுஞ்சாலைகளுக்கு வடிகால் கணக்குப் போடுவதுதான் என் வேலை. சாலையே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. சாலை போட்டுத்தான் என் வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனால் தண்ணீர் வரும் வழியைச் சாலை மறிக்கும் அதே தவறைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துவிட்டது.

நான்குவழித் தேசிய நெடுஞ்சாலைக்குப் பொதுவாக 60 மீட்டர் அகலம் எடுப்பார்கள். ஒரு கிலோமீட்டருக்கு 6 எக்டேர், அதாவது 15 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஊரின் பேச்சு முழுக்க இந்த 15 ஏக்கரைப் பற்றித்தான் இருக்கும். எவ்வளவு கிடைக்கும், கிணற்றுக்குத் தனியா, தென்னைக்கு எவ்வளவு. நிலம் போனவர் கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிறார். போகாதவர் "நல்லவேளை, தப்பிச்சோம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். தப்பவில்லை ஐயா. நிலம் போனவருக்காவது பணம் வந்தது. சாலைக்கு அரை மைல் தள்ளி இருக்கும் உங்களுக்கு வரப்போவது தண்ணீர், அல்லது தண்ணீர் இல்லாமை. இரண்டுக்கும் இழப்பீட்டுப் பட்டியலில் இடம் கிடையாது.

இதைச் சொன்னதும் அதிகாரி, ஒப்பந்தக்காரர், வார்டு மெம்பர், சில சமயம் விவசாயியே சொல்லும் வாசகம்: "அதான் கல்வெர்ட் போட்டிருக்காங்களே, தண்ணி போயிடும்." கல்வெர்ட் என்பது சாலைக்கு அடியில் நீர் போக வைக்கும் குழாய் அல்லது சிறு பாலம். எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான். பொறுமையாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஆற்றுப் பாசனம் எட்டாத மானாவாரி ஏரிகள். அவற்றுக்கு நீர் ஓடையில் மட்டும் வருவதில்லை. புன்செய்க் காட்டிலும் மேய்ச்சல் தரையிலும் விரல் உயரத்துக்குப் பரவி, சரிவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வரும் நீரும் உண்டு. அதற்குப் பெயர் இல்லை, சர்வே எண் இல்லை, புலப்படத்தில் கோடும் இல்லை. கோடு இல்லாத இடத்தில் கல்வெர்ட்டும் வராது. தரையில் கொட்டிய தண்ணீருக்குக் குறுக்கே ஒரு பாயைச் சுருட்டிப் போட்டுப் பாருங்கள். சாலைக்காக மண் கொட்டி உயர்த்தும் கரை செய்வதும் அதுவே. பரவி வந்த நீர் கரையோரமாகத் திரும்பி, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். அந்த ஓட்டை பக்கத்து ஊர் எல்லையில் இருந்தால் உங்கள் ஏரியின் நீர் பக்கத்து ஊருக்கு. அவர்களுக்கோ அது வேண்டாத வெள்ளம்.

அடுத்தது அளவு. வெள்ளத்தில் 8 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமுமாக ஓடும் ஓடையை எடுத்துக்கொள்வோம். நீர் போகும் பரப்பு 4 சதுர மீட்டர். 1.2 மீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயின் பரப்பு 1 சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீதி நீர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடம் உங்கள் வயல். மறுபக்கம் அதே நீர் பீய்ச்சி அடித்து, வாய்க்கால் படுகையைப் பறித்து, மண்ணைக் கொண்டுபோய் ஏரியில் தள்ளும். மேலே மூழ்கல், கீழே அரிப்பு, நடுவில் "கல்வெர்ட் இருக்கே".

மூன்றாவது, மட்டம். கல்வெர்ட்டின் தளம் ஓடைப் படுகையைவிட ஓர் அடி உயர்ந்திருந்தால் அந்த ஓர் அடி நீர் கோடைவரை குட்டையாகக் கிடக்கும். தாழ்ந்திருந்தால் மேல்பக்கம் படுகை அரித்துக்கொண்டே பின்னோக்கிப் போகும். மட்டக் கருவி பொய் சொல்லாது. ஆனால் எந்த மாதத்தில் மட்டம் எடுத்தார்கள் என்று கேளுங்கள். மே மாதத்தில் போனால் பாதி ஓடைகள் உழுத நிலமாகத்தான் கண்ணில் படும். எங்கள் தொழிலில் பெரும்பாலான சர்வே கோடையில்தான் நடக்கிறது. சேற்றில் வண்டி இறங்காதே!

சமதளத்தில் இது இன்னும் மோசம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போகும் சுமார் 180 கிலோமீட்டர் சாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தென்பாதி காவிரிப் படுகையின் கடைமடையைக் குறுக்கே வெட்டுகிறது. அங்கே நீர் கடலுக்குப் போக நிலத்தில் சரிவே பெரிதாக இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கரை போட்டால், வடிய ஒரு நாள் எடுத்த நீருக்கு நாலு நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை. இந்தத் திட்டத்தை 100 கிலோமீட்டருக்குக் குறைந்த துண்டுகளாகப் பிரித்ததால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையா இல்லையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இப்படித் துண்டாக்கலாமா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி 2021 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. தண்ணீருக்குத் துண்டு, முழுசு என்று எதுவும் தெரியாது.

சாலைக்கரைக்கு மண் எங்கிருந்து வருகிறது? மேலே 25 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், சரிவு 1க்கு 2 என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 93,000 கன மீட்டர். பெரிய டிப்பரில் 6,000 லோடுக்கு மேல். பெரும்பாலும் பக்கத்து ஏரிகளிலிருந்துதான். தூர்வாரினால் நல்லதுதானே என்பீர்கள். அளவோடு எடுத்தால் நல்லது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்த நீர் வயலுக்கு ஏறாது. ஏரிக்கரையை ஒட்டித் தோண்டினால் கரையே உட்காரும். சாலைப் பணிக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு கொடுத்த விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. லாரி வந்து நின்றால் எந்த அனுமதியில் மண் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மேட்டை வெட்டிச் சாலை போகும் இடங்களில் நீரூற்று வெட்டுப்பக்கம் கசிந்து, மேலே உள்ள கிணறுகள் இறங்கும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

கவனித்துச் செய்தால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகம் வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல், விலங்குகள் கடக்க 9 இடங்களில் சாலையையே தூக்கிக் கட்டினார்கள். புலியும் மானும் அடியில் போவது கேமராவில் பதிவானது. புலி நடக்கும் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு, தண்ணீர் நடக்கும் தடம் தெரியாமலா போகும்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956இன் 3ஏ அறிவிக்கை, அதாவது நிலம் எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு, வந்த நாளிலிருந்து 21 நாள்தான். அதற்குள் 3சி பிரிவில் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அதுவும் அந்த நிலத்தில் உரிமை உள்ளவர்தான் கொடுக்க முடியும். 3ஏ அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது சுற்றுச்சூழல் அறிக்கை உங்கள் கைக்கு வரும் முன்பே 21 நாள் ஓடிவிடலாம். காத்திருக்காதீர்கள். நிலம் போகிறவர் ஆட்சேபத்தில், பணத்தோடு சேர்த்து ஓடையையும் எழுதுங்கள். தயவுசெய்து.

சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டம் என்றால், நிலம் போகாதவருக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கிறது. 30 நாள் முன்பே அறிவிப்பு வரும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். அங்கே போய் "சாலை வேண்டாம்" என்று மட்டும் கத்திவிட்டு வராதீர்கள். "எங்கள் ஏரிக்கு இந்தப் புல எண் வழியாக நீர் வருகிறது, உங்கள் வரைபடத்தில் அங்கே பாலம் இல்லை" என்று சொல்லுங்கள். அது பதிவேட்டில் ஏறும். பதில் சொல்லியே ஆக வேண்டும். கூடவே கிராம சபைத் தீர்மானமும் போடுங்கள், நீர்வளத் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

மழை பெய்யும்போது செல்போனை எடுத்துக்கொண்டு, சாலைக்காகக் கல் நட்ட வரிசையில் நடங்கள். எங்கே நீர் குறுக்கே போகிறதோ அங்கே தேதியோடு படம். சத்தியமாகச் சொல்கிறேன், என் மேசைக்கு வரும் எந்த அறிக்கையையும்விட அந்தப் படம் எனக்கு உதவும். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள், பழைய வரத்துக்கால் அவர் காலுக்குத் தெரியும்.

இதெல்லாம் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே நடக்க வேண்டும். பிறகு ஒரு பாலம் கூடுதலாகக் கேட்டால் அதற்குப் பெயர் "சேஞ்ச் ஆஃப் ஸ்கோப்", அதாவது ஒப்பந்தத்தில் பேசிய வேலையை மாற்றுவது. கோப்பு மேசை மேசையாக ஊரும்.

சாலை வந்த பின்பு ஓரத்து நிலத்துக்கு விலை ஏறும். உடனே மண் கொட்டி மேடாக்கி, மனை போட்டு, கல்வெர்ட்டின் வாயையே அடைத்துவிடுகிறீர்கள். இதைச் செய்வது நெடுஞ்சாலைத் துறை இல்லை, நாம்தான். பிறகு தண்ணீர் நிற்கிறது என்று மறியல் வேறு!

வேலை நடக்கும்போது லாரி போக ஓடையின் குறுக்கே மண் போட்டு டைவர்ஷன் அமைப்பார்கள். அதை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் வழக்கம். செப்டம்பருக்குள் எடுத்தாக வேண்டும் என்று திட்ட அலுவலகத்துக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மேஸ்திரி "பார்த்துக்கலாம்ணே" என்று சொன்னதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.