தாகிடதா: பாடும் வாய்க்கும் மீட்டும் கைக்கும் நடுவில்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மொரீசியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் நான் நடத்தும் மாலைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் 14 வயது மாணவி ஒருத்தி கிட்டாரோடு வந்து நின்றாள். "கார்டு எல்லாம் கை தானா பிடிக்குது மிஸ். பாட்டும் மனப்பாடம். சேர்த்துச் செய்யும்போது மட்டும் கை என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது. ஏன்?"

வாசிக்கச் சொன்னேன். காவடிச்சிந்து மெட்டு. முதல் அடி நன்றாகத்தான் போனது. இரண்டாம் அடியில் ஒரு சொல் தாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழ வேண்டும். அந்த இடம் வந்ததும் அவள் வலது கை தன் வேலையை விட்டுவிட்டு, வாயிலிருந்து வரும் ஒவ்வோர் அசைக்கும் ஒரு மீட்டு என்று ஓட ஆரம்பித்தது. கை அவள் பேச்சைக் கேட்காமல் இல்லை. அளவுக்கு மீறிக் கேட்கிறது!

இதை உங்கள் விரல்களிலேயே பார்க்கலாம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, கார் வைப்பர்களைப் போல இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டுங்கள். மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் விரல்கள் உங்களைக் கேட்காமலே மாறி, இரண்டும் ஒன்றாக உள்ளே, ஒன்றாக வெளியே என்று போகும். 1980களில் உடல் அசைவுகளை ஆராயும் விஞ்ஞானி ஸ்காட் கெல்சோ இதை ஆராய்ந்தார். லேசர் இயற்பியலில் பெயர் பெற்ற ஹெர்மன் ஹாக்கனும் ஹெர்பர்ட் புன்ஸும் அவரோடு சேர்ந்து 1985-ல் இதற்குச் சமன்பாடே எழுதினார்கள். ஒரே உடம்பில் நடக்கும் இரண்டு அசைவுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. வேகம் கூடினால் எளிதான சேர்க்கைக்குள் விழுந்துவிடுகின்றன. விரலும் விரலும் மட்டுமல்ல, விரலும் நாக்கும்கூட இப்படித்தான். பேசிக்கொண்டே விரல் தட்டுகிறவர் ஒரு சொல்லை அழுத்திச் சொன்னால், அந்தத் தட்டும் பெரிதாகிறது.

அப்படியானால் பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்? மூளையில் கைக்கு ஒரு கடிகாரம், குரலுக்கு ஒரு கடிகாரம் என்று வைத்திருக்கிறார்களா? நான் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடப்பது அதைவிட அழகானது.

மேசை முன்னால் உட்காருங்கள். ஒரே கால அளவுக்குள் வலது கை மூன்று தட்டு, இடது கை இரண்டு தட்டு, இரண்டும் சம இடைவெளியில். தனித்தனியாக யோசித்தால் வராது, தடுமாறும். சரி, இப்போது வேறு வழி. அந்தக் கால அளவை ஆறு மாத்திரையாக வையுங்கள். வலது கை 1, 3, 5-ல் விழும். இடது கை 1, 4-ல் விழும். இரண்டையும் ஒரே வரிசையாகப் படியுங்கள்: முதலில் இரு கையும் சேர்ந்து, அப்புறம் வலது, இடது, வலது. இடைவெளிகளைப் பார்த்தால் இரண்டு மாத்திரை, ஒன்று, ஒன்று, இரண்டு. அதாவது நெடில், குறில், குறில், நெடில். "தாகிடதா" என்று சொல்லுங்கள். 'தா'வில் இரு கை, 'கி'யில் வலது, 'ட'வில் இடது, கடைசித் 'தா'வில் வலது. பத்து முறை சொல்லித் தட்டினால் மூன்றும் இரண்டும் காணாமல் போய், கையில் தாகிடதா என்ற ஒரே உருவம் மிஞ்சும். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்தக் கணக்கு மேசை மேல் ஓசையாகக் கேட்கிறது. இதை முதல்முறை செய்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிட்டாரும் குரலும் சேர்வது இப்படித்தான். இரண்டு வேலையும் அருகருகே ஓடுவதில்லை. இரண்டையும் பின்னி மூன்றாவதாக ஒரு வரிசையை மூளை கற்றுக்கொள்கிறது. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளான அடிமூளை முடிச்சுகளும் சிறுமூளையும் அதைத் துண்டு துண்டாகக் கட்டி வைக்கின்றன. அருகருகே ஓடும் வேலைகளும் உண்டு. 1972-ல் உளவியலாளர் ஆல்போர்ட்டும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனையில், இசை மாணவர்கள் காதில் விழும் உரைநடையைத் திரும்பச் சொல்லிக்கொண்டே, அதுவரை பார்த்திராத இசைக்குறிப்பைப் பியானோவில் வாசித்தார்கள். ஆனால் அங்கே பேச்சுக்கும் விரலுக்கும் நேர ஒப்பந்தம் ஏதுமில்லை. பாட்டில் உண்டு. அதனால்தான் கையையும் குரலையும் தனித்தனியாகத் தேற்றியும் என் மாணவி மாட்டிக்கொண்டாள்.

இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு இது காதுக்குப் புதிதும் அல்ல. கடற்கரையில் தீ மூட்டி ராவான் என்ற மேளத்தின் தோலைச் சூடு காட்டி, இந்தத் தீவின் ஆட்டமும் பாட்டுமான செகா தொடங்கினால், ஆறுக்குள் மூன்றும் இரண்டும் உரசிக்கொண்டேதான் போகும். 2014-ல் செகாவை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததில் எனக்குப் பெருமைதான். அந்தக் கைகளின் நேரக்கணக்கை அளக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும். நல்ல மைக்கும் கணினியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் 12 வயதில் ஓர் ஆசிரியர், "உனக்குச் சரஸ்வதி கடாட்சம் இல்லை" என்று சொல்லி வீணையை வாங்கி உறையில் போட்டுவிட்டார். அப்புறம் 20 வருஷம் நான் எந்தத் தந்தியையும் தொடவில்லை. பயிற்சியின் வரிசையைத் தெரிந்து சொல்ல வேண்டிய இடத்தில் கடாட்சத்தை இழுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். யார் இப்படிச் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன்.

மாணவியும் நானும் அந்த இரண்டாம் அடியை ஒரு தாளில் பெரிதாக எழுதினோம். ஒவ்வோர் அசைக்கும் அடியில் அம்புக்குறி: கை கீழே போகிறதா, மேலே வருகிறதா. ராகம் வேண்டாம், சொற்களை மட்டும் பேசு, பாதி வேகத்தில், கை நிற்காமல். வேகம் கூடினால் பழைய பள்ளத்தில் விழும் என்பதால் மெதுவாகவே. ஒரு வாரம் இவ்வளவுதான். அப்புறம் ராகம்.

தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை வந்தாள். தாளைக் கொண்டுவரவில்லை. தள்ளி விழும் அந்தச் சொல்லின் முதல் எழுத்தைக் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. கையைக் காற்றில் கீழே கொண்டுபோய், மேலே வரும்போது நிறுத்தி, "'வே' மிஸ். கை பாதி மேலே வந்ததும் வாயில் வருது" என்றாள்.