விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்: செகண்ட் ஹேண்ட் காருக்குப் புது பிளக் போடும் முன்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் கோளாறுகளில் அதிகமாகப் பணத்தைக் கரைப்பது மிஸ்ஸிங்தான், அதாவது சிலிண்டரில் எரிப்பு இடையிடையே தவறி இன்ஜின் உதறுவது. அதிலும் எந்நேரமும் அடிக்காமல், திடீரென்று வந்து தானாகவே மறைந்துவிடும் மிஸ்ஸிங். அப்படிப்பட்ட வண்டி என்னிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் பிளக் புதிதாக இருக்கும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் புதிதாக இருக்கும், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரும் காற்று நுழையும் திராட்டில் பாடியும் கிளீன் செய்யப்பட்டிருக்கும். மிஸ்ஸிங் மட்டும் அப்படியே இருக்கும். பழைய பில்களை வாங்கிப் பார்த்தால், அந்தப் பாகத்தை ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

விட்டு விட்டு வரும் கோளாறைப் பாகம் மாற்றி மாற்றிப் பிடிக்க முடியாது. அது எப்போது வருகிறது என்று தெரிந்தால்தான் பிடிக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர் தினமும் வண்டி ஓட்டுகிற நீங்கள்தான்.

நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 25 முறை எரிய வேண்டும். காற்று, பெட்ரோல், தீப்பொறி, கம்ப்ரஷன் இந்த நாலில் எது தவறினாலும் அந்த ஒரு எரிப்பு தவறிவிடும்; கிராங்க் ஷாஃப்டின் வேகம் ஒரு கணம் தளரும். கிராங்க் சென்சார் மூலமாக இன்ஜினின் கணினியான இசிஎம் இந்தத் தளர்வைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை எல்லை தாண்டினால் செக் இன்ஜின் லைட் வரும். லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வரலாம். மின்னி மின்னி எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொண்டால், காயில் விலையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

சரி, எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் குலுங்கிவிட்டுச் சரியாகிறதா? அப்படியென்றால் கூலன்ட் அளவைப் பாருங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் கொஞ்சம் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பிளக் துவாரத்தில் கேமரா விட்டுப் பார்த்தால் மற்ற பிஸ்டன்கள் கரி படிந்திருக்க, அந்த ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருக்கும். கூலன்ட் குறையவில்லை என்றால், இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம்.

மழையிலும், வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகும் மட்டும் வருகிறதென்றால் பிளக் குழியைத்தான் முதலில் பார்ப்பேன். காயிலின் ரப்பர் பூட் வெடித்திருந்தால் ஈரத்தில் மின்சாரம் பக்கவாட்டில் தாவிவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். அது மின்சாரம் ஓடிய தடம். அந்தத் தடம் விழுந்த பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ரப்பர் பூட்டையே மாட்டினால் சீக்கிரமே புது பிளக்கிலும் அதே கோடு விழும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். குழியில் ஆயில் நின்றால் வால்வு கவர் சீலையும் மாற்ற வேண்டும். ஆயில் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, ஏ.சி. போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது வந்தால், சூட்டில் உள்ளே அறுந்துபோகும் காயில் ஒரு சந்தேகம். இன்னொரு சந்தேகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: டைட்டான டேப்பெட், அதாவது வால்வை அழுத்தித் திறக்கும் பாகத்தில் இடைவெளி போதாமல் இருப்பது. சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் போட்டு நிறைய ஓடிய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டில் மெல்ல மெல்லப் பதிந்துகொண்டே போகும். இடைவெளி குறைந்து, இன்ஜின் சூடானதும் வால்வு முழுதாக மூடாது. ஆக்சிலரேட்டர் மிதிக்காத ஐடிலிங்கில் மிஸ்ஸிங் அடிக்கும், ஆர்.பி.எம். ஏற்றினால் சரியாகிவிடும். சத்தம் போடும் டேப்பெட்டை எல்லோரும் கவனிக்கிறார்கள். டைட்டான டேப்பெட் சத்தமே போடாது, வால்வை எரித்துவிடும். விற்கும் முன் கிட்டைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் வண்டி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. இன்டேக் மேனிஃபோல்டில் அடைக்கப்பட்ட துளைகள், டிக்கியில் சிலிண்டர் ஸ்டாண்டின் போல்ட் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்சியில் எரிபொருள் என்ன என்பதையும் பாருங்கள்.

பெட்ரோல் போட்ட மறுநாளே ஆரம்பித்தது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்க வாய்ப்பு இருக்கிறது.

இனி இசிஎம் பதிவு செய்த கோட் என்னும் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர். மிஸ்ஸிங் கோட் பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். ஆனால் கோட் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது, எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று மட்டும்தான் சொல்லும். கோட் எண்ணைவிட எனக்கு முக்கியம் அதோடு பதிவாகும் ஃப்ரீஸ் ஃபிரேம். கோளாறு வந்த அந்த நொடியில் ஆர்.பி.எம். எவ்வளவு, லோடு எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, ஃபியூயல் டிரிம் (இசிஎம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தரும் அளவு) எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். கோட் எண்ணை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். "லைட் எரியுதுன்னு சொன்னாங்க, அழிச்சுட்டுத் தர்றேன்னு அழிச்சுக் கொடுத்தாங்க" என்று சொல்லி வருபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அதற்கு அவர்கள் காசும் கொடுத்திருப்பார்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் இதே கதிதான். அழிப்பதற்கு முன் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிம் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐடிலிங்கில் டிரிம் மிகவும் பிளஸ்ஸில் இருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் சாதாரண அளவுக்கு இறங்கினால் எங்கோ வேக்குவம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. அதற்கு மாறாக வேகம் கூடக்கூட பிளஸ் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஆனால் இது காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்குத்தான் சரியாகப் பொருந்தும். நம் ஊரில் நிறைய ஓடும், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டிகளில் வேக்குவம் லீக் டிரிமில் பளிச்சென்று தெரியாது. ஐடிலிங் ஆர்.பி.எம். உயர்வதில்தான் தெரியும்.

ஒரு சிலிண்டர் எண் கிடைத்துவிட்டால் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கோட் பி0303 என்றால், மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதலாவதற்கும், முதலாவதன் காயிலை மூன்றாவதற்கும் மாற்றிப் போட்டு ஓட்டுவது. கோட் பி0301 ஆனால் காயில்தான் குற்றவாளி. பி0303 ஆகவே நின்றால் காயிலை விட்டுவிட்டு பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போகும், தாவ இடமில்லாத மின்சாரம் காயிலையும் கெடுக்கும். சிலிண்டரை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள்.

கோவையில் ஒரு அம்மா, வாங்கிச் சில மாதமே ஆன காரோடு வந்தார். "அண்ணா, உங்ககிட்ட வந்தா மட்டும் நல்லா ஓடுது. காந்திபுரம் பாலம் ஏறுனா உதறுது" என்றார். ஏற்கெனவே வேறு இடங்களில் பிளக், மூன்றாவது காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. "நீங்களே ஓட்டுங்கம்மா, நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்" என்றேன். அவர் பாலம் ஏறுகிற கியரில், அவர் ஆக்சிலரேட்டர் மிதிக்கிற மாதிரி மிதித்தால்தான் அது வரும். வந்தது. கோட் பி0303. காயில் மாற்றிப் போட்டும், பிளக் மாற்றிப் போட்டும் எண் நகரவில்லை. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

பிறகு பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் விடச் சொன்னேன். நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். இன்ஜின் எழும்பிச் சாய்ந்தது. இன்ஜினைத் தாங்கும் ஒரு பக்க மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது. இன்ஜின் சாயும் ஒவ்வொரு முறையும் மூன்றாவது காயிலுக்குப் போகும் வயர் இழுபட்டு விறைத்தது. வண்டியை நியூட்ரலில் விட்டு அந்த வயரை விரலால் லேசாக இழுத்ததும் இன்ஜின் உதறியது, விட்டதும் சரியானது. வயரின் மேல் தோல் முழுசாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகளில் ஒன்றிரண்டு மட்டும் மிச்சம். புது கனெக்டர் வயர் போட்டு, மவுண்டையும் மாற்றிக் கொடுத்தேன். மவுண்டை விட்டிருந்தால் புது வயரும் அதே இடத்தில் அறுந்திருக்கும். எலி கடித்த வயர், துரு ஏறிய பாடி எர்த் எல்லாம் இந்த வகைதான்: ஸ்கேனர் சிலிண்டர் எண்ணைச் சொல்லும், வயரைக் கண்ணும் கையும்தான் தேட வேண்டும்.

இனிமேல்தான் வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டிக் கோட் படிக்கும் சின்ன புளூடூத் கருவிகள் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. கோட் இல்லை என்று திரை காட்டினால் அதோடு நிறுத்தாமல், ரெடினெஸ் மானிட்டர்களையும் (இசிஎம் தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுபவை), கோட் அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் பாருங்கள். மானிட்டர்கள் முடியவில்லை என்றும், தூரம் சில கிலோமீட்டர் என்றும் காட்டினால் சமீபத்தில் யாரோ கோட் எண்ணை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிகள் சுத்தமாகி வெளியூர் சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் இசிஎம் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை பூத்திருந்தால் அந்த வண்டி இன்று நன்றாக ஓடினாலும் வேண்டாம். மானிட்டர்கள் மட்டும் முடியாமல் இருந்து மற்றதெல்லாம் பிடித்திருந்தால், இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்து பார்த்துத்தான் அட்வான்ஸ் தருவேன் என்று விற்பவரிடம் சொல்லுங்கள்.