கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன்

"ஏசியில் குளிர் வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, வந்து நிரப்பிவிடுங்கள்" என்று நோயையும் மருந்தையும் தாமே முடிவு செய்துகொண்டு அழைப்பவர்களே எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம். அப்படி அழைத்த பல வீடுகளில் நான் கேஸ் உருளையை வண்டியிலிருந்து இறக்கியதே இல்லை.

ஏசியில் உள்ள கேஸ், வண்டிக்கு ஊற்றும் எரிபொருளைப் போலச் செலவாகித் தீர்கிற பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் அது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. வெளியே உள்ள யூனிட்டில் அந்த வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. கசிவில்லாத இயந்திரத்தில் முதல் நாள் நிரப்பிய கேஸே கடைசிவரை சுற்றிக்கொண்டிருக்கும். அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பிச் செல்பவர், அடுத்த அழைப்புக்கும் சேர்த்தே வேலை பார்த்துவிட்டுப் போகிறார்.

பத்து மாதத்தில் மூன்று முறை கேஸ் நிரப்பிய ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வெளி யூனிட்டில் செம்புக் குழாய் வந்து சேரும் பித்தளை நட்டைச் சுற்றி, கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய கருந்தூசியும் இருந்தன. கம்ப்ரசரின் எண்ணெய் கேஸோடு சேர்ந்து சுற்றுவதால், கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெய்த் தடம் படிவது வழக்கம். சோப்பு நுரையைத் தடவியதும் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நட்டைக் கழற்றிப் பார்த்தால், விரித்த குழாயின் விளிம்பில் மயிரிழை போன்ற விரிசல். அந்த விளிம்பை வெட்டிவிட்டுப் புதிதாக விரித்துப் பொருத்தி, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, குழாய்களில் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகு, யூனிட்டின் தகட்டில் குறித்திருந்த எடைக்குத் தராசில் நிறுத்துக் கேஸை நிரப்பினேன். உங்கள் வீட்டுக்கு வருபவர் தராசு கொண்டுவராவிட்டால் ஏன் என்று கேளுங்கள். ஆர்-32 என்னும் கேஸ் தீப்பற்றக்கூடியது என்பதால், அது உள்ளே இருக்கும்போதே குழாயில் தீ வைத்துப் பற்றவைக்கும் வேலைக்கு யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கேஸில் குறையில்லாத வீடுகளில் நான் காண்பது பெரும்பாலும் தூசி. உள் யூனிட்டின் ஃபில்டரைக் கழற்றினால் கம்பளித் துணியைப் போல மொத்தமாக உரிந்து வரும். காற்று போதிய அளவு செல்லாவிட்டால், கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான 'காயில்' மிகையாகக் குளிர்ந்து அதன்மேல் பனி உறையும். பனி உறைந்தால் காற்று மேலும் அடைபடும். அந்த நிலையில் குளிரூட்டலை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டால் பனி தானாகக் கரையும். கத்தியால் சுரண்டக் கூடாது. காயிலில் ஒரு துளை விழுந்தால் இல்லாத கேஸ் பிரச்சினை உண்மையாகவே வந்துவிடும். ஃபில்டரைக் கழுவிய பின், கால் மணி நேரம் ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் ஒரு சாதாரண வெப்பமானியை வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. குறை அறையின் அளவிலோ வெயில் விழும் சன்னலிலோ இருக்கலாம்.

உள் யூனிட்டிலிருந்து சுவரில் நீர் வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் பாசி அடைத்த வடிகுழாய்தான். வெளி யூனிட் முனகுகிறது, விசிறி சுழலவில்லை என்றால், மோட்டாரைச் சுழல வைக்க உதவும் கெப்பாசிட்டர் என்னும் மின்பாகம் பழுதாகியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் வெளி யூனிட்டின் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். பிரேக்கர் ஒரு முறை விழுந்தால் ஏற்றிப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கவும் பயன்படும் ஏசிகளில், வெளி யூனிட்டிலிருந்து புகை வருகிறது என்று பதறி அழைப்பார்கள். வெளிக் காயிலில் படிந்த பனியை உருக்க இயந்திரம் சில நிமிடங்கள் திசை மாறி ஓடும்போது எழும் நீராவி அது. அந்நேரம் உள்ளே வெப்பக் காற்று நின்றுபோவதும் இயல்பே.

தண்ணீர் சூடாக்கும் கீசர் கொதிகலம் போலக் கரகரவென்று இரைந்தால், வெப்பக் கம்பியில் உப்புப் படிந்திருக்கிறது. சூடாகும்போது நீர் விரிவதால் அதன் பாதுகாப்பு வால்வில் சொட்டுச் சொட்டாக நீர் வடிவதுண்டு. இடைவிடாமல் வடிந்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் நீரழுத்தத்தையும் வால்வையும் சோதிக்க வேண்டும். எரிச்சலில் அந்த வால்வை மரக்கட்டையால் அடைத்து வைத்திருந்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டும் பழுதானால் அந்தத் தொட்டி வெடிகுண்டுதான்.

எரிவாயுவில் இயங்கும் ஹீட்டரில் மட்டும் எதையும் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்ல மாட்டேன். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தால் எரிதல் முழுமையாக நடக்கவில்லை. அப்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கும்போது தலைவலியும் கிறுகிறுப்பும் வந்து, வெளியே வந்ததும் தணிகிறது என்று வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டவர் சொன்னால், ஹீட்டரை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியேறிய பிறகு உதவிக்கு அழையுங்கள். மயக்கமோ வாந்தியோ இருந்தால் முதல் அழைப்பு மருத்துவ உதவிக்கு. எனக்கு அதன் பிறகு.