ஒரு எண்ணைத் திருத்தினால் நானூறு வரி மாறுமா?

பைத்தான் நிரல்மொழிப் பாடம் ஒன்றில் ரேஞ்ச்(1, 5) என்று கொடுத்தால் 1, 2, 3, 4, 5 வரும் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டிப் பார்த்தால் 4-லேயே நின்றுவிடுகிறது. கடைசி எண்ணைப் பைத்தான் சேர்க்காது, தப்பு பாடத்தில்தான். அச்சுப் புத்தகம் என்றால் ஓரத்தில் பேனாவால் திருத்திவிட்டுப் போய்விடுவோம். 1998-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் விஞ்ஞானிகளுக்காகத் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி போன்ற திறந்த பாடங்களில், அந்தத் திருத்தத்தை மூலத்துக்கே அனுப்பலாம். அவை கிட்ஹப் என்ற இணையதளத்தில் வெறும் எழுத்துக் கோப்புகளாகவே இருக்கின்றன.

அங்கே கோப்பின் பக்கத்தில் இருக்கும் பென்சில் படத்தைத் தட்டினால் உங்கள் கணக்கில் ஒரு நகல் உருவாகும். அதுதான் ஃபோர்க். அதில் திருத்திவிட்டு, ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பது புல் ரிக்வெஸ்ட். மூலத்தில் கைவைக்கும் உரிமை பராமரிப்பாளரிடம்தான்.

பாடக் கோப்பில் 400 வரி இருந்தால், அவர் அத்தனையையும் படித்துக்கொண்டிருக்க மாட்டார். அவருக்கு டிஃப் போதும். பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளை முடிந்தவரை நீளமாகக் கோத்தெடுத்து, கோவையில் சேராத வரிகளை மட்டும் அது காட்டும்: போனது சிவப்பில், வந்தது பச்சையில். இதற்கான நிரல் 1970-களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. கிட்ஹப்புக்கு அடியில் இயங்கி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் கிட். இன்று அது வழக்கமாகக் கையாள்வது யூஜின் மையர்ஸ் 1986-ல் வெளியிட்ட முறையை.

டிஃப் ஒப்பிடுவது வரிகளை, சொற்களை அல்ல. இது தெரியாமல் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு எண்ணைத் திருத்தி அனுப்பினேன். கோப்பு முழுவதும் சிவப்பும் பச்சையுமாகக் காட்டியது. வரி முடிவைக் குறிக்க லினக்ஸில் ஒரு குறி, விண்டோஸில் இரண்டு. அந்தக் கூடுதல் குறி தட்டச்சு இயந்திரக் காலத்து மிச்சம். என் எடிட்டர் சத்தமில்லாமல் எல்லா வரியிலும் அதைச் சேர்த்துவிட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, டிஃப்புக்குத் தெரியும். அதிலிருந்து, அனுப்பும் முன் டிஃப்பை நானே ஒருமுறை பார்த்துவிடுகிறேன். பத்தியை ‘அழகாக’ மடித்து அடுக்கினாலும் இதே கதிதான்.

சரி, நீங்கள் திருத்தி முடிப்பதற்குள் வேறொருவர் அதே கோப்பின் இன்னொரு இடத்தை மாற்றிவிட்டால்? கிட் இரண்டு பிரதிகளையும் அவை பிரிந்த இடத்தில் இருந்த பழைய பிரதியோடு ஒப்பிடும். யார் எதை மாற்றினார் என்று தெரிந்துவிடும். இரண்டு திருத்தங்களும் தங்கும். ஆனால் அதே வரியில் நீங்கள் 5-ஐ எடுக்க, அவர் 5-க்குப் பதில் 6 என்று போட்டிருந்தால், கிட் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக்காட்டி, பைத்தான் தெரிந்த யாராவது வரட்டும் என்று நிறுத்திவிடும்.