முட்டு எதன் மேல் நிற்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் புது வீடு கட்டுபவர்களும் பழைய செட்டிநாட்டு வளவு வீட்டின் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். பேஸ்மட்டத்தை நாலைந்து அடி தூக்கி, உள்ளே கிராவல் கொட்டி, 13, 14 அடியில் ரூஃப் போடுகிறார்கள். ஆனால் ஈரக் கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் சென்ட்ரிங், அதாவது ஷீட்டும் அதன் கீழ் நிற்கும் முட்டும் மட்டும் 10 அடி வீட்டுக்கு அடிப்பது போலவே அடிக்கப்படுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலில் எடையைப் பாருங்கள். 5 அங்குலத் தளத்தின் ஈரக் கான்கிரீட்டும் கம்பியும் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. ஷீட், ஆட்கள், தள்ளுவண்டி எல்லாம் சேர்த்து 50 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இரு திசையிலும் மூன்றடிக்கு ஒரு முட்டு என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 450 கிலோ. செலவைக் குறைக்க நாலடியாக்கினால் 800 கிலோ ஆகிவிடும். 9க்கு 18 அங்குல பீமின் கான்கிரீட் மட்டுமே ஓரடிக்கு 80 கிலோ. அதனால் பீமுக்கு அடியில் முட்டு நெருங்கி வர வேண்டும்.

இந்த எடை மூன்று அங்குலச் சவுக்குக் கம்பின் அடி வழியாக நேராக மண்ணில் இறங்கினால், 450 கிலோவுக்கே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ அழுத்தம். புதிதாகக் கொட்டிய கிராவல் அதைத் தாங்காது. தண்ணீர் விட்டு, அரையடி அரையடியாகத் திமிசு போட்டு இறுக்கிய பிறகும், முட்டுக்குக் கீழே 9 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம், 2 அங்குல கனமுள்ள பலகை வேண்டும். அப்போது அழுத்தம் அரை கிலோவுக்கும் கீழே வந்துவிடும். செங்கல்லை அடுக்கி அதன் மேல் முட்டை நிறுத்துவது கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரப்பு மண் ஊறும். முட்டை இறுக்க அடித்த ஆப்பு முந்தைய நாள் சரியாக இருந்தாலும் மறுநாள் தளர்ந்திருக்கும். கான்கிரீட் போடும் காலையில் ஒவ்வொரு ஆப்பையும் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது உயரம். நடுவில் கட்டு இல்லாத மெல்லிய முட்டு, நசுங்குவதற்கு முன்பே வளைந்துவிடும்; அது தாங்கும் எடை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 10 அடி முட்டை 14 அடியாக்கினால் வலு கிட்டத்தட்டப் பாதி. பாதி உயரத்தில் இரு திசையிலும் கிடைக்கட்டு, மூலைவிட்டமாகக் குறுக்குக்கட்டு போட்டால் அந்த வலு திரும்பக் கிடைக்கும். இரண்டு கம்பை ஒட்டுப்போட்டு நீளமாக்குவதை விட உயரத்துக்கேற்ற ஜாக்கியை (நீளத்தை மாற்றக்கூடிய இரும்பு முட்டு) வாடகைக்கு எடுங்கள். ஜாக்கியின் உயரத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பின்னுக்குப் பதில் கம்பித் துண்டைச் சொருகியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கான்கிரீட்டை ஒரே இடத்தில் குவிக்க விடாதீர்கள்.

சென்ட்ரிங்கைப் பிரிப்பதில் அவசரம் வேண்டாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 சொல்வது: தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்தின் முட்டுக்கு 7 நாள், அதற்கு மேல் 14. 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. இது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கான கணக்கு. இங்கே பெரும்பாலும் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசொலானா சிமெண்ட்) மெதுவாக வலுப்பெறும் என்பதால் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் தாங்கும் தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்க வேண்டும். சன்ஷேடு, பால்கனி போல நீட்டிக்கொண்டிருப்பவற்றில் நுனியிலிருந்து உள்நோக்கி. அதுவும் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் சுவர் ஏறிய பிறகுதான்.

பழைய வீட்டில் சுவரை உடைத்து அறையைப் பெரிதாக்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். மெட்ராஸ் டெரஸில் (மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) எடை தேக்கு உத்தரங்கள் வழியாகத்தான் சுவருக்கு வருகிறது. உத்தரங்களுக்குக் குறுக்கே கனமான கட்டை ஓட்டி, அதன் கீழ் ஜாக்கிகளை நிறுத்துங்கள். இடையிலுள்ள செங்கல்லில் முட்டுக் கொடுத்தால் கல் பெயரும். சுவரின் இரு பக்கமும் முட்டு ஏறிய பிறகே முதல் கல்லை எடுக்கலாம். தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் சாக்கு விரித்து, மேலே நீளப் பலகை போடுங்கள். எடுத்த சுவருக்குப் பதிலாகப் போடும் புது பீம் இறுகியதும் அதற்கும் உத்தரத்துக்கும் இடையிலுள்ள சந்தில் கெட்டியான சிமெண்டுக் கலவையை இடித்து அடைத்து, அது காய்ந்த பின் ஜாக்கிகளை ஒரேயடியாக எடுக்காமல், ஒவ்வொன்றையும் கால் சுற்று கால் சுற்றாக வரிசையாகத் தளர்த்துங்கள்.