பெர்குவென்சா அஹேனா: அவர் உளறுகிறார், நமக்குக் கூசுகிறது

மேடையில் ஒருவர் சுருதியே சேராமல் உருகி உருகிப் பாடுகிறார், அவருக்கு ஒரு கவலையும் இல்லை, கீழே இருக்கும் நமக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இதற்கு ஸ்பானிய மொழியில் பெயர் 'பெர்குவென்சா அஹேனா'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'பெர்குவென்தா' என்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் 'சா'.

பெர்குவென்சா என்றால் வெட்கம், அவமானம். 'வெரெகுந்தியா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதன் வேர்வினைக்கு அஞ்சுதல், மதித்தல் என்று பொருள். ஆக, மரியாதை தெரிந்தவனுக்குத்தான் வெட்கம் வரும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெட்கங்கெட்டவனை 'சின்பெர்குவென்சா' என்கிறார்கள், 'சின்' என்றால் இல்லாமல், அப்படியே நம்ம ஊர்த் திட்டுதான். அஹேனா என்றால் பிறருடைய. (திருடனுக்கு அங்கே 'பிறர் பொருளின் நண்பன்' என்று ஒரு கிண்டல் பெயர் உண்டு, அதிலும் இதே சொல்தான்.)

இது பரிதாபம் இல்லை, அடுத்தவர் விழுவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பதும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர் படாததால் அது நம் தலையில் வந்து விழுகிறது, அவ்வளவுதான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வெட்கம், நாணம் இரண்டையும் கல்யாணப் பெண்ணுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். அவமானம் என்றால் நமக்கே நேர்ந்தது மாதிரி ஆகிவிடும். இளசுகள் 'கிரிஞ்ச்' என்கிறார்கள், அதில் இளக்காரம் கொஞ்சம் தூக்கல். ஆனால் வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் 'பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்' என்று சொல்லியிருக்கிறார் (குறள் 1015). அவர் பேசுவது பழியை, சுருதி விலகுவதை அல்ல, என்றாலும் பிறருக்காக நாணுவது என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது. எனவே எழுத்தில் 'பிறர்நாண்' எனலாம், பேச்சில் அது ஒட்டாது, 'பார்க்கிற எனக்கே கூசுது' போதும், அந்த 'எனக்கே'யில் இருக்கும் ஏகாரம் அஹேனாவின் வேலையைப் பார்த்துவிடுகிறது.

பயன்படுத்தும் விதமும் நமக்குப் பழக்கமானதுதான். 'மே தா பெர்குவென்சா அஹேனா' என்பார்கள், அதாவது அது 'எனக்கு' வெட்கம் தருகிறது, நாமும் 'எனக்குக் கூசுகிறது' என்றுதானே சொல்கிறோம், 'நான்' என்று தொடங்குவதில்லை. ஆனால் ஒருவர் முகத்துக்கு நேராக 'தாஸ் பெர்குவென்சா அஹேனா' என்று சொல்லிவிடாதீர்கள். 'உன்னைப் பார்த்தாலே எனக்குக் கூசுது' என்று அர்த்தம், சண்டை நிச்சயம்.